உறங்கும் ஊரும் ஓட்டுள்ள ஊரும்: திருப்பூரில் வாக்காளர் பதிவு

இந்தியாவில் ஓட்டுரிமை குடியிருப்போடு சேர்த்துக் கட்டப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு வாக்குரிமை தருகிறது. அந்த உரிமையை எந்தத் தொகுதியில் பயன்படுத்துவது என்பதை 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வரையறுக்கிறது. அதன் 19ஆம் பிரிவின்படி, ஒருவர் ‘சாதாரணமாக வசிக்கும்’ தொகுதியின் பட்டியலில்தான் அவர் பெயர் இடம்பெற வேண்டும். சாதாரணமாக வசிப்பது என்றால் என்ன என்பதை 20ஆம் பிரிவு பெரும்பாலும் விலக்கிச் சொல்லியே விளக்குகிறது: சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார், சில காலம் வெளியூர் போயிருப்பதால் மட்டும் வசிப்பிடத்தை இழந்தவரும் ஆக மாட்டார். ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்று மக்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. சட்டத்தில் அப்படி நாள்கணக்கு எதுவும் இல்லை. 17, 18ஆம் பிரிவுகள் ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருக்கக் கூடாது என்கின்றன. பொய்யான உறுதிமொழி தந்து பதிவு செய்தால் 31ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

தாத்தா பிறந்த வீட்டிலேயே பேரனும் வாழும் ஊருக்கு இந்த விதிகள் போதும். திருப்பூர் அப்படிப்பட்ட ஊர் அல்ல. 1951இல் சுமார் 52,000 பேர் வாழ்ந்த பஞ்சு வணிக நகரம், 2011 கணக்கெடுப்பில் புறநகரையும் சேர்த்து 9.6 லட்சத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி பனியன் கம்பெனி வேலைக்காகக் குடிவந்தவர்களால் ஆனது. மதுரை, தேனி, திண்டுக்கல், இராமநாதபுரம், காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பின்னர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் எனத் தூரம் நீண்டது. கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங், பேக்கிங் எதுவானாலும் பீஸ் ரேட் கூடுதலாகக் கிடைக்கும் கம்பெனிக்கு ஆள் மாறுவது இங்கே வழக்கம். கம்பெனி மாறினால் நடந்து போகும் தூரத்தில் வீடு தேடுவதும், வாடகை ஏறினால் அடுத்த வீதிக்குப் போவதும் அதோடு சேர்ந்தவை. மங்கலம் ரோட்டில் ஓராண்டும் பி.என். ரோட்டில் ஓராண்டும் குடியிருந்த குடும்பத்தை நாடோடி என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊரிலேயே இருபது ஆண்டுகளாக வாழும் குடும்பமாகவும் அது இருக்கலாம்.

சிக்கலைத் தொகுதி எல்லைகள் இன்னும் கூட்டுகின்றன. 2008 தொகுதி மறுவரையறையில் பழைய திருப்பூர் சட்டமன்றத் தொகுதி வடக்கு, தெற்கு என இரண்டானது. பொங்கலூர், வெள்ளகோவில் தொகுதிகள் இல்லாமல் போயின. 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்துத் திருப்பூர் மாவட்டம் உருவானது. மாவட்டத்துக்குள் எட்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. மக்களவைத் தேர்தலில் அவை ஐந்து திசைக்குப் பிரிகின்றன. திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டுமே திருப்பூர் மக்களவைத் தொகுதியில் அடங்கும். பல்லடம் கோயம்புத்தூரோடும், அவிநாசி நீலகிரியோடும், காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடும், உடுமலைப்பேட்டையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடும் சேர்ந்தவை. அதே கம்பெனியில் வேலையைத் தொடர்ந்துகொண்டு மேற்கேயோ தெற்கேயோ சில கிலோமீட்டர் தள்ளி வாடகை குறைந்த வீட்டுக்குப் போகும் தொழிலாளிக்கு மக்களவை உறுப்பினரே மாறிவிடுவார். வீடு மாறியதைப் பட்டியலில் மாற்றாவிட்டால் பழைய தொகுதியில் அவர் பெயர் நிற்கும். ஆள் இருக்க மாட்டார்.

வேலைக்கு வருபவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் இல்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டியில் காலையில் வந்து இரவில் திரும்புபவர்களுக்கு ஓட்டு ஊரிலேயே இருக்கிறது, உறக்கமும் ஊரிலேயே. தென் மாவட்டக் குடும்பங்களின் நிலைதான் இரண்டுங்கெட்டது. ரேஷன் கார்டு, நிலத்தின் பட்டா, பெற்றோரின் முதியோர் உதவித்தொகை, குலதெய்வக் கோயில் வரி எல்லாம் சொந்த ஊரில் இருக்கும். பஞ்சாயத்துத் தேர்தலில் ஒவ்வொரு ஓட்டுக்கும் எடை உண்டு. ஊரில் பெயரை எடுத்துவிட்டால் ஊராராக மதிக்க மாட்டார்கள் என்ற அச்சமும் உண்டு. ஆகவே பலர் பெயரை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். சிலர் இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறார்கள். இது சட்டப்படி தவறு. ஆனால் இதைக் கள்ள ஓட்டு நோக்கத்தோடு ஒன்றாக வைப்பது நியாயமல்ல. திருப்பூரில் பெயர் சேர்த்தபோது பழைய இடத்தில் நீக்க யாரும் முன்வராததால் உண்டான இரட்டைப் பதிவுகளே இவற்றில் ஏராளம். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்களின் நிலை வேறு. 18 வயதாகும்போது அவர்கள் வீட்டிலும் இருப்பதில்லை. விடுதியை விட்டு அலுவலகங்களுக்கு அலையும் வாய்ப்பும் குறைவு. 18 வயது நிறைந்திருக்க வேண்டிய தகுதி நாள் ஜனவரி 1 என்று ஒன்றே இருந்ததை 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என்று நான்காக்கியது. இதன் பயன் விடுதிகளுக்குள் போய்ச் சேர வேண்டுமானால் பதிவு முகாம் விடுதி வாசலுக்கே வர வேண்டும்.

பெயர் சேர்ப்பதற்கான வழி காகிதத்தில் எளிது. முதன்முறை வாக்காளருக்குப் படிவம் 6. வீடு மாறியவருக்குப் படிவம் 8. 2022 ஆகஸ்ட் முதல் தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டு மாறினாலும் அதுவேதான். பிறர் பெயரை ஆட்சேபிக்கவும் நீக்கக் கோரவும் படிவம் 7. முகவரிச் சான்றுக்கு ஆதார், வங்கிப் புத்தகம், ஓராண்டுக்கேனும் பழைய மின்சாரம், குடிநீர் அல்லது எரிவாயு ரசீது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் போன்றவற்றுள் ஒன்று போதும். லைன் வீட்டில் குடியிருப்பவரிடம் இவற்றில் எது இருக்கும்? ஒரே வரிசையில் எட்டு, பத்து அறைகள். மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் வரும். குடிநீர் ரசீதும் அவர் பெயரில்தான். வாடகை வாய்ப்பேச்சில் முடியும்; அட்வான்ஸ் கைக்குக் கை போகும். வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த வழக்கம் பெரிதாக அசையவில்லை. ஆதாரில் இருப்பதோ சொந்த ஊர் முகவரி. அதைத் திருப்பூருக்கு மாற்றினால் ஊரில் கிடைக்கும் நலத்திட்டங்கள் என்ன ஆகுமோ என்ற தயக்கம் வரும். ஆவணம் எதுவும் இல்லாவிட்டாலும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து விசாரித்துப் பதிவு செய்யத் தேர்தல் ஆணையத்தின் கையேடுகள் இடம் தருகின்றன. வீடே இல்லாமல் தெருவோரம் உறங்குபவரைக்கூட இரவில் போய்ப் பார்த்து உறுதிசெய்து சேர்க்கலாம். உண்மையில் திருப்பூருக்கு மிகவும் பொருந்தும் வழி இதுதான். ஆனாலும் கவுன்ட்டரில் முதலில் கேட்கப்படுவது ‘இந்த ஊர் அட்ரஸுக்கு என்ன புரூஃப்?’ என்ற கேள்வியே.

அந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மாநகராட்சி ஊழியர் எனத் தம் வேலையோடு கூடுதலாக இதையும் சுமப்பவர்கள். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,500 பேர் வரை என்றிருந்த வரம்பு 2025இல் 1,200 ஆகக் குறைக்கப்பட்டது. இருந்தும் லைன் வீடுகள் நெருங்கிய ஒரு பட்டியல் பாகத்தில் ஆண்டுக்கு எத்தனை குடும்பங்கள் வந்துபோகின்றன என்பதை ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாது. அவர் பகலில் வருவார், வீடு பூட்டியிருக்கும். கணவனும் மனைவியும் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் திரும்பும்போது அலுவலரின் பணிநேரம் முடிந்திருக்கும். பெயர் சேர்ப்புச் சிறப்பு முகாம்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிப் பள்ளிகளில் நடக்கின்றன. பிற ஊர்களுக்கு விடுமுறை நாளாகும் சனிக்கிழமை, திருப்பூரில் வாரச் சம்பளம் வாங்கும் வேலைநாள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் பல கம்பெனிகளில் மெஷின் ஓடும். முகாமின் நாளையும் நேரத்தையும் ஊரின் வேலை முறைக்கு ஏற்ப அமைப்பது சட்டத் திருத்தம் தேவைப்படாத மாற்றம். மாவட்ட நிர்வாகமே செய்யக்கூடியது.

பெயர் சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் ஆழமான பிழை இருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஒருவர் தொகுதியை விட்டுப் போய்விட்டார் என்று பெயரை நீக்குவதற்கு முன் அவருக்குத் தம் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளிக்கச் சொல்கிறது. ஏற்கெனவே பட்டியலில் உள்ளவர்களை நீக்கும்போது முறையான விசாரணை வேண்டும் என்பதை 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆனால் அறிவிப்பு எந்த முகவரிக்குப் போகும்? பட்டியலில் உள்ள பழைய முகவரிக்கே போகும். வீடு மாறிப் போனதாகச் சந்தேகிக்கப்படும் ஒருவரை, அவர் மாறிப் போன வீட்டிலேயே தேடுகிறது இந்த நடைமுறை. பதில் வரவில்லை என்பது அவர் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. அப்படி நீக்கப்பட்ட பெயர் அவர் இப்போது வாழும் வீதியின் பட்டியலில் ஏறியதா என்று பார்க்க வேண்டியவர் எவரும் இல்லை. நீக்குவது அலுவலகத்தின் கடமை. சேர்வது ஆளின் பாடு. முடிவை எதிர்த்து 24ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமும், பிறகு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு, பெயர் நீக்கப்பட்டதே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரே காலியாகும் காலங்களில் இது கூர்மையடைகிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது வேலையிழந்த பலர் ஊர் திரும்பினர். சட்டமன்றத் தேர்தல் அதே ஆண்டு ஏப்ரலில் நடந்தது. 2020 ஊரடங்கிலும் அப்படியே போனார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தேர்தல். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் பலர் வேறு வீட்டுக்குத்தான் வந்தார்கள். இப்படிப் போனவர்கள் பெயர்கள் பட்டியலில் தங்கிவிடும் தொகுதிகளில் வாக்குப்பதிவு விகிதம் குறைந்தே தெரியும். அதை நகரத்து மக்களின் அக்கறையின்மை என்று எழுதிவிடுவது எளிது. பட்டியலில் இருந்து ஊரில் இல்லாதவர்களும், ஊரில் இருந்து பட்டியலில் இல்லாதவர்களும் அந்தக் கணக்கில் மறைந்துபோகிறார்கள்.

இந்த முரண் முழு அளவில் வெளிப்பட்டது 2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தத்தில். பீகாரில் அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய திருத்தம், அக்டோபர் 27 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நவம்பர் 4 முதல் அலுவலர்கள் வீடு வீடாகக் கணக்கீட்டுப் படிவம் கொடுத்தார்கள். முதலில் ஒரு மாதம் என்றிருந்த அவகாசம் தமிழ்நாட்டுக்கு டிசம்பர் 14 வரை நீட்டிக்கப்பட்டது. படிவத்தில், முந்தைய தீவிர திருத்தத்தின்போது தயாரான 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று எழுத வேண்டும்.

திருப்பூர் மக்களுக்கு இந்தக் கேள்வி கடினமானது. அந்தப் பழைய பட்டியல் காலத்தில் திருப்பூர் என்று மாவட்டமே இல்லை. தேட வேண்டியது கோவை மாவட்டத்திலும் ஈரோடு மாவட்டத்திலும்; அதுவும் இப்போது இல்லாத பொங்கலூர், வெள்ளகோவில் போன்ற தொகுதிப் பெயர்களில். இது பூர்வீகக் குடிகளின் நிலை. அப்போது பரமக்குடியிலோ நிலக்கோட்டையிலோ ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பாக எண்ணை மெஷினில் உட்கார்ந்துகொண்டே கைப்பேசியில் தேட வேண்டியிருந்தது. ஊருக்குப் போன் போட்டு அண்ணன், சித்தப்பா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு, விட்டுவிட்டவர்களும் உண்டு.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடியாக இருந்த தமிழ்நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்தது. விடுபட்ட 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம். இரட்டைப் பதிவுகள் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். மீதி 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். திருப்பூர் மாவட்டத்தில் 24.4 லட்சம் 18.8 லட்சமானது. மாநிலத்தில் நூற்றுக்கு 15 பெயர் விடுபட்டபோது இம்மாவட்டத்தில் 23. இறந்தவர் பெயரும் இரட்டைப் பெயரும் பட்டியலில் இருக்கக் கூடாது. அவற்றை நீக்கியது தேவையான வேலை. ஆனால் இடம் மாறியவர் இறந்தவர் அல்லர். அவர் எங்கோ வசிக்கிறார். அது அதே மாவட்டத்தின் வேறு வீதியாகவும் இருக்கலாம். அவரை இறந்தவரோடு ஒரே கணக்கில் கழித்துவிட்டு, வேண்டுமானால் புதிய வாக்காளரைப் போல படிவம் 6ஐயும் உறுதிமொழியையும் கொண்டு வா என்று சொல்லும்போது, பல தேர்தல்களில் ஓட்டுப் போட்ட ஒருவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று பீகார் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் இட்ட உத்தரவால் ஒரு நன்மை விளைந்தது: யார் பெயர், எதனால் போனது என்பதைச் சாவடி வாரியாகப் பார்க்க முடிந்தது. அந்தப் பட்டியலைக் கம்பெனி வாசல்களிலும் லைன் வீட்டு முனைகளிலும் ஒட்டினால்தான் உரியவர் கண்ணில் படும்.

வடமாநிலத் தொழிலாளர் பதிவு தனியாகப் பேசப்பட வேண்டிய பொருள். 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில், பீகாரைச் சேர்ந்த 6.5 லட்சம் பேர் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கப்படுவதாகக் கிளம்பிய செய்தியை ஒட்டி ப. சிதம்பரம் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். தமிழ்நாட்டில் திருத்தம் தொடங்கவே இல்லை என்று ஆணையம் அதை மறுத்தது. இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கும் குடியேறலாம், சாதாரணமாக வசிக்கும் இடத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சட்ட நிலையையும் அப்போது நினைவூட்டியது. சட்டத்தில் ஐயம் இல்லை. குடும்பத்தோடு பத்தாண்டாகத் திருப்பூரில் வாழ்ந்து, பிள்ளைகளை இங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கும் ஒடிசாக்காரர் இங்கே வாக்காளராவதற்கு உரிமை உள்ளவர். அறுவடைக்கும் சத் பூஜைக்கும் ஊர் திரும்பி, கம்பெனி அறையில் ஆறு பேரோடு தங்கும் இளைஞர் தற்காலிகமாக வெளியே இருப்பவர். அவர் ஓட்டு ஊரில் இருப்பதே சட்டத்துக்கும் அவர் விருப்பத்துக்கும் ஒத்தது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு ஆளிடமும் விசாரித்தே அறிய முடியும். மொழியை வைத்து மொத்தமாக முடிவு கட்டுவது தவறு. 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவித் திருப்பூர் பதற்றமடைந்தது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்தது. வதந்திக்கு இவ்வளவு எளிதில் ஆட்படும் ஊரில் வாக்காளர் பதிவும் அச்சத்தின் பொருளாகிவிடக் கூடாது.

வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் எழும் தகராறுகள் பெரும்பாலும் ஒரு தவறான நம்பிக்கையிலிருந்து பிறப்பவை: அடையாள அட்டை இருந்தால் ஓட்டு உண்டு என்பது. தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் காலத்தில் 1993இல் அறிமுகமான அந்த அட்டை, இன்னார்தான் இவர் என்று காட்டும். பட்டியலில் பெயர் இருக்கிறது என்று காட்டாது. பெயர் இருந்து அட்டை இல்லாதவர் ஆதார் போன்ற வேறு ஆவணம் காட்டி வாக்களிக்கலாம். அட்டை இருந்து பெயர் இல்லாதவருக்கு வழியே இல்லை. 2018இல் வெளிவந்த ‘சர்கார்’ படத்துக்குப் பிறகு 49பி என்ற விதி எல்லோர் வாயிலும் புழங்கியது. ஒருவர் பெயரில் வேறொருவர் முன்பே ஓட்டுப் போட்டுவிட்டால், உரியவர் தம்மை நிரூபித்துத் தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்க அது வழி செய்கிறது. பெயரே விடுபட்டவருக்கு அது உதவாது. சாவடியில் இருக்கும் அலுவலருக்குப் பெயரைச் சேர்க்கும் அதிகாரமும் இல்லை. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான சேர்ப்பும் நீக்கமும் நின்றுவிடுகின்றன. தேர்தலன்று காலையில் கேட்கப்படும் நியாயம் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது என்பதை அந்த வாசலில் நிற்கும் தொழிலாளியிடம் சொல்வது கடினம்.

ஓட்டு ஊரில் இருப்பவருக்குப் பயணம் அடுத்த தடை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு தரச் சொல்கிறது. தினக்கூலிக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். பீஸ் ரேட்டில் வேலை செய்பவரின் ஒருநாள் கூலி எவ்வளவு என்று கணக்கிடுவதிலேயே அந்த உரிமை கரைந்துவிடும். இராமநாதபுரத்துக்குப் போய்வர ஒருநாள் விடுப்பும் போதாது. முன்னிரவும் மறுநாளும் சேர்ந்தே செலவாகும். பீகாருக்கு என்றால் ஒரு வாரம்.

இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. படைவீரர்களுக்கு அஞ்சல் வாக்கு உண்டு. 85 வயது கடந்தோரும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனமுற்றோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்த பண்டிதர்கள் ஜம்முவிலும் டெல்லியிலும் அமைக்கப்படும் சிறப்புச் சாவடிகளில் தம் பள்ளத்தாக்குத் தொகுதிகளுக்கு வாக்களித்து வருகிறார்கள். உள்நாட்டுப் புலம்பெயர் தொழிலாளருக்காக, 72 தொகுதிகளின் வாக்கை ஒரே இடத்தில் பதியும் தொலைநிலை வாக்கு இயந்திரத்தின் மாதிரியை ஆணையம் 2023 ஜனவரி 16 அன்று காட்டுவதற்குக் கட்சிகளை அழைத்தது. புலம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு வரையறை எங்கே, வேறு மாநிலச் சாவடியில் முகவரை எப்படி நிறுத்துவது, நடத்தை விதிகளை யார் கண்காணிப்பது என்று பல கட்சிகள் கேட்டன. அவை நியாயமான கேள்விகள். மாதிரி அத்தோடு நின்றது.

ரேஷன் இந்தத் தடையைக் கடந்துவிட்டது. 2020 அக்டோபரில் தமிழ்நாடு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் சேர்ந்த பிறகு, சிவகங்கைக் கார்டுக்குத் திருப்பூர்க் கடையிலேயே அரிசி வாங்க முடிகிறது. வாக்காளர் பட்டியலும் இன்று நாடு முழுவதற்கும் ஒரே கணினித் தொகுப்பில்தான் இருக்கிறது. வீடு மாறியவரின் பெயரைப் பழைய பாகத்தில் எடுக்கும் அலுவலர், புதிய முகவரியைக் கேட்டறிந்து படிவம் 8ஐ அவரிடமே எழுதி வாங்கி, புதிய பாகத்தில் ஏறிய பிறகே பழையதை நீக்கும்படி அந்தத் தொகுப்பை அமைக்க முடியும். அதுவரை பழைய சாவடியில் பெயர் நிற்கட்டும். தேர்தல் வந்தால் அங்கேயே போய் ஓட்டுப் போடட்டும். மங்கலம் ரோட்டிலிருந்து பி.என். ரோட்டுக்கு டவுன் பஸ் இருக்கிறது.